மாமன் வண்டிக்குக் கரண்டு பத்தல

இல்லண்ணே, மேல வைக்க வேணாம். கண்டக்டரும் சொல்லிட்டுத்தான் போனாரு, அந்த இரும்பத் தூக்கி சீட்டுக்கடியில தள்ளுய்யான்னு. தள்ளலாம்தான். தள்ளுனா மண்ணு அப்பும், எவனாவது செருப்புக்காலத் தூக்கி வைப்பான். மடியிலயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்ல. கனம் இருக்கு, மதுர ஆரப்பாளையத்துலருந்து வச்சுக்கிட்டு வர்றேன்ல, தொடை மரத்துப்போச்சு, அதனால தெரியல. உங்க வேட்டியில கறை படாதுண்ணே, பேப்பர் சுத்திருக்கேன்.

என்னதுன்னுதான பாக்குறீங்க. ஆல்டர்னேட்டர். பழைய ஆளுக டைனமோம்பாங்க. இஞ்சின் சுத்துறப்ப பெல்ட்டுல இதுவும் சேந்து சுத்தும், சுத்துனா கரண்டு வரும். அந்தக் கரண்டுதான் பேட்டரிக்கு, லைட்டுக்கு, ஹாரனுக்கு எல்லாத்துக்கும். நம்ம வண்டியில பாட்டுக்கு. ஆனா இது சாதாரண வண்டியோடது இல்ல. ஆம்புலன்ஸ்ல கழட்டுனது. உசுருக்குப் போராடுற மனுசன வச்சுக்கிட்டு அது ரோட்டோரமா நின்னாலும் உள்ள இருக்குற மிசினெல்லாம் ஓடணும்ல, அதுக்காக நின்ன எடத்துலயே கரண்டு தர்ற மாதிரி செஞ்சிருப்பாய்ங்க. எனக்கு வேண்டியது அதுதான். ஓடுறப்ப எவன் வேணாலும் கரண்டு குடுப்பாண்ணே. நிக்கிறப்பக் குடுக்கணும்.

பாட்டுக்கு எதுக்குய்யா ஆம்புலன்ஸ் சாமான்னு பழைய இரும்புக் கடைக்காரரும் கேட்டாரு. நான் சொல்லல. அவருகிட்ட எதுக்குச் சொல்லணும். உங்ககிட்டச் சொல்றேன், நீங்க தேனி வரைக்கும் வர்றீங்க, நல்ல மனுசராத் தெரியுறீங்க. சன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க, பரவால்ல. எனக்கு அந்தப் பக்கம் வேணாம்.

எம்பேரு சுருளிவேல். கம்பத்துல ஜீப்பு ஓட்டுறேன், சொந்த ஜீப்பு. காலையில பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு மலையேறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துல எறக்கி விடுறது, சாயங்காலம் திருப்பிக் கூட்டியாந்து விடுறது. இதே ஏலத்தோட்டத்துலதான் எங்க அக்காவும் பழம் எடுத்துச்சு. பவுன்தாயின்னு பேரு. எங்கம்மா நான் கைப்புள்ளையா இருக்கப்பவே போயிருச்சு, அப்பன் இருந்தும் இல்லாத ஆளு. அக்கா பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டு மலையேறுனவதான். என்னயச் சாக்குல உக்கார வச்சிட்டுப் பழம் எடுக்கும். அட்டை கடிக்கும்ல அங்க, அவ காலு பூராம் ரத்தம் வடியும். என் காலுல ஒண்ணு ஏறுனா மட்டும் ஊரக் கூட்டிருவா.

அவளுக்குக் கல்யாணம் பேசுனப்ப நமக்கு ஒரு வழியுமில்ல. நான் அப்ப மீசை மொளைக்காத பய. மாப்ள வீடு புளியடிப்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி இந்த ரோட்டு மேலயேதான் இருக்கு, இப்ப நம்ம போறப்ப வரும். மச்சான் தெய்வேந்திரன் தங்கமான மனுசன், வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாது. கோயில்ல வச்சு மாலையை மாத்துனோம், தாலியக் கட்டுனாரு, அம்புட்டுத்தான். மேளம் இல்ல, ரேடியோ இல்ல. எல்லாரும் நடந்து அவுக வீட்டுக்குப் போறோம். நடை சத்தம் கேக்குதுண்ணே, அம்புட்டு அமைதி. அப்ப அக்கா மாமியா திரும்பி நின்னு ஒரு வார்த்த சொன்னுச்சு.

"எழவு வீட்டுல கூட ஒரு கொட்டுச் சத்தம் கேக்கும்."

அக்கா குனிஞ்ச தலை நிமிரல. கூட வந்த பொம்பளைக சிரிச்சாளுக. நான் அந்த எடத்துலயே சாமி மேல சத்தியம் பண்ணுனேன். ஒரு நாளைக்கு எங்க அக்கா வீட்டுக்கு நான் சீர் கொண்டு வருவேன், அன்னிக்கு இந்த ஊரு காத மூடணும்னு. சின்னப்பய சத்தியம்தான். ஆனா சத்தியம் சத்தியம்தானண்ணே.

அப்புறம் வருசக்கணக்கா சீர் செய்ய ஒரு நல்லதே வரல அந்த வீட்டுல. அக்காவுக்குப் புள்ளை தங்கல. போகாத கோயில் இல்ல, எடுக்காத வெரதம் இல்ல. அந்த மாமியா என்னென்ன பேசிருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாத்துக்கங்க. எங்கிட்ட எதுவும் சொல்லாது அக்கா. போனா சோத்தப் போட்டு, சாப்பிடுறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். கடைசியா சாமி கண்ணத் தொறந்துச்சு. பய பொறந்தான். லோகித்துன்னு பேரு வச்சிருக்காய்ங்க, எனக்கு வாயில நொழையல, நான் மாப்ளன்னுதான் கூப்புடுறது. அக்கா போனு போட்டுச்சு. மொட்டை போட்டுக் காது குத்துறோம், ஒம் மடியிலதாண்டா உக்காரணும், நாளு குறிச்சாச்சுன்னுச்சு. அழுதுக்கிட்டே சொன்னுச்சு. நானும் அழுதேன். டீக்கடையில நின்னு அழுதேண்ணே, சுத்தி ஆளுக இருக்காய்ங்கன்னு கூடப் பாக்கல.

அன்னிக்கே தேனிக்குப் போயிட்டேன், முபாரக் பாய் கடைக்கு. வண்டிக்குப் பாட்டு கட்டுறதுல அவரு பேரு போன ஆளு. வாடகைக்கு மைக் செட்டு பிடிச்சா ஆகாதான்னு கேட்டாரு. ஆகும். ஆனா அது வாடகைச் சத்தம்ல. எவன் வேணாலும் பிடிப்பான். மாமன் வண்டி பாடணும்ணே, மாமனோட சொந்த வண்டி. டும்முனு அடிக்கிற பெரிய ஊஃபரு நாலு, ரெண்டு ஆம்ப்ளிஃபையரு, முன்னாடி கூரையில ஹாரன் ஸ்பீக்கரு, எல்லாத்தையும் எறக்கியாச்சு. மாட்டி மொத நாளு போட்டுப் பாத்தா, டும்முனு அடிக்கிறப்பல்லாம் ஹெட்லைட்டு கண்ணச் சிமிட்டுது. கொஞ்ச நேரம் அடிச்சிட்டு ஆம்பு செவப்பு லைட்டப் போட்டுப் படுத்துக்கிருச்சு. பாய் சிரிச்சாரு. "சுருளி, உன் வண்டி பட்டினி கெடக்கு. கஞ்சி ஊத்தாம பாடச் சொன்னா எங்கிட்டுப் பாடும்"னாரு.

அப்புறந்தான் கரண்டு வேலை. பாட்டு வாங்குறது பெரிசில்லண்ணே, அதுக்குத் தீனி போடுறதுதான் பெரிசு. எல்லாப் பயலும் ஸ்பீக்கர வாங்கி மாட்டிருவாய்ங்க, கரண்டு எங்கருந்து வருதுன்னு ஒருத்தனும் யோசிக்க மாட்டான். நான் யோசிச்சேன். கட்டைவிரல் தண்டிக்கு ஒயரு இழுத்தோம். பின் சீட்டுக்கடியில ரெண்டாவது பேட்டரி. டும்முனு அடிக்கிற அந்தக் கணத்துக்குக் கரண்ட சேத்து வச்சுக் குடுக்குற டப்பா ஒண்ணு. எர்த்து ஒயரு போற எடத்துல பெயின்ட்ட சொரண்டி பளபளன்னு இரும்பக் காட்டி முறுக்குனோம். ஸ்பீக்கர் பொட்டிக வந்ததும் பின்னாடி ஆளு உக்கார எடமில்ல. தோட்டத்துப் பொம்பளைக ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து வந்தாளுக. "எங்கள ஏத்துறியா, பொட்டிய ஏத்துறியா, முடிவு பண்ணிக்கய்யா"ன்னாளுக. காது குத்து முடியட்டும்க்கா, கழட்டிருவேன்னேன்.

மலையில போட்டுப் பாத்தேண்ணே. ஒரு வாரம் ஏறயில எறங்கயில போட்டேன். ரெண்டாங் கியருல வண்டி உறுமிக்கிட்டு ஏறும், பாட்டு கணீர்னு பாடும். லைட்டு சிமிட்டல, செவப்பு விழுகல. கீழ இருக்குற கம்பம் பூராம் கேக்கும்னு நெனச்சேன். கொரங்கெல்லாம் மரத்த விட்டு ஓடுச்சு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. பாய்க்குப் போனு போட்டுச் சொன்னேன். அவரு, ஓடுற வரைக்கும் பாடும் சுருளி, ரேஸ் கொறஞ்சா பேட்டரியத் திங்க ஆரம்பிச்சிரும், பாத்துக்கன்னாரு. இத ஒழுங்கா எடுத்துச் சொல்ல வேணாமாண்ணே ஒரு மனுசன். ரெண்டு தடவதான் சொன்னாரு. மூணாந்தடவ சொல்லிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல.

உசிலம்பட்டி வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேணாமா? நானும் எறங்கல. எறங்குனா இதத் தூக்கிக்கிட்டுல எறங்கணும்.

காது குத்து அன்னிக்கு சீர் எப்படி போனுச்சுங்கிறீங்க. கம்பத்துலருந்து ரெண்டு வேன் நெறைய சனம். கெடா ஒண்ணு, மாலை, பட்டு, பழத்தட்டு, பயலுக்குத் தங்கத்துல தோடு. ரோட்டுல வந்தவரைக்கும் ராசா மாதிரி வந்தோம். புளியடிப்பட்டி முக்குல சனமெல்லாம் எறங்கி தட்டத் தூக்கிக்கிருச்சு. முன்னாடி பொம்பளைக, பின்னாடி என் வண்டி. அங்கருந்து அவுக குலசாமி கோயில் கூப்புடு தூரம்தான், வாய்க்கால் கரையோட மண்ணு ரோடு. பாட்டப் போட்டேன். ஊரே வெளிய வந்துருச்சுண்ணே. மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடுச்சு. மாடியில நின்னு ஒருத்தன் காதப் பொத்துனான், அதப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி. அந்தச் சத்தியம் நெறவேறிருச்சுன்னு நெனச்சேன்.

சீர்ங்கிறது நடந்துதான போகும். பொம்பளைக தட்ட வச்சுக்கிட்டு எட்டு மேல எட்டு வைக்கிறாளுக. நடுவுல நின்னு கொலவை போடுறாளுக. அவளுக பின்னாடி வண்டி எப்படிப் போகும்? ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம ஊந்துக்கிட்டுத்தான் போகணும். ரேஸ் குடுத்தா மனுசன் மேல ஏறிரும். மலையில உறுமுன இஞ்சின் இங்க பூனை மாதிரி குறுகுறுன்னு ஓடுது. வண்டியில இருந்த பழைய டைனமோச் சனியன் வேகமாச் சுத்தல, கரண்டு பத்தல. எனக்குத் தெரியல. பாட்டு பேட்டரியத் தின்னுக்கிட்டே வந்திருக்கு. மொதல்ல டும்முங்கிறது தொம்முனு ஆச்சு. அப்புறம் பாடுறவன் தண்ணிக்குள்ளருந்து பாடுற மாதிரி. ரெண்டு ஆம்புலயும் செவப்பு. நின்னு போச்சு. பதட்டத்துல கிளச்ச விட்டேன், வண்டியும் அணைஞ்சு போச்சு. சாவியத் திருப்புனா டொக்குங்குது, செல்ஃபு சுத்தல.

அமைதின்னா அமைதிண்ணே அப்படி ஒரு அமைதி. வாய்க்கால்ல தண்ணி போறது கேக்குது. மாடியில நின்ன அவன் காதுலருந்து கைய எடுத்துட்டு சிரிச்சான்.

நாலு பயலுக தள்ளுனாய்ங்க, வண்டி ஸ்டார்ட் ஆகிருச்சு. ஓடுது. ஆனா பாட்டு வரல. பேட்டரி ரெண்டும் காலி. இனி வண்டிய நிப்பாட்டி வச்சு ரேஸ் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் கொஞ்சமாச்சும் ஏறும். நான் சொல்லிட்டேன், தட்டெல்லாம் முன்னாடி போங்க, ஆசாரி காத்திருப்பாரு, நான் பின்னாடி பாட்டோட வர்றேன்னு. தட்டு போயிருச்சு. தோடு போயிருச்சு. கெடா போயிருச்சு. நான் மட்டும் ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்ப அக்கா ஓடியாருது.

கோயில்லருந்து பாட்டு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. தம்பி வந்துட்டான், தம்பி வந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு நின்னிருக்கா. திடீர்னு பாட்டு நின்னதும் வண்டி வாய்க்கால்ல கவுந்துருச்சுன்னு நெனச்சிட்டா. புள்ளைய மச்சான் கையில குடுத்திட்டு, பட்டுச் சேலையோட, காலுல செருப்பு கூட இல்லாம ஓடியாந்திருக்கா. எதுக்க வந்த தட்டுக்காரிக ஒண்ணுமில்லக்கா, பாட்டுத்தான் நின்னு போச்சுன்னு சொல்லிருக்காளுக. நிக்கவே இல்லையாம். வந்து என் மூஞ்சியப் பிடிச்சுத் தடவுனா. கைய எடுத்துப் பாத்தா, எங்கயும் அடியான்னு. நான், அக்கா கைய எடு, கிரீசு, சேலை வீணாப் போயிரும்னேன்.

மூச்சு வாங்கிட்டுச் சொன்னா, "எறங்கி வாடா. நேரம் போகுது. நடந்து போயிருவோம்."

நான், பாட்டு இல்லாமயாக்கான்னு கேட்டேன்.

"பாட்டா கேட்டேன் உங்கிட்ட? உன் மடியத்தானடா கேட்டேன்."

பொம்பளைக அப்படித்தாண்ணே சொல்லும். மனசுல ஆசை இல்லாமயா இருக்கும்? அந்த மாமியா முன்னாடி தம்பி ஊமை மாதிரி வந்து நின்னா அவளுக்குத்தான அசிங்கம். நான் அவளுக்காகத்தான் சொன்னேன். இருக்கா, கொஞ்சம் பொறு, சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்குன்னேன். அவ என் சட்டையப் பிடிச்சு இழுத்தா. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டேன். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு நான் தூணக் கட்டிக்குவேன், அவ இழுப்பா. அதே மாதிரி இழுக்குறா. ரெண்டு பேருக்கும் வயசாச்சு, அவ இழுக்குறா, நான் விடல. ரேஸ மட்டும் கொறைக்கல.

அப்பக் கோயில்லருந்து பய அழுகிற சத்தம் கேட்டுச்சு.

குத்திட்டாய்ங்க. ராகு காலம் வந்துருச்சுன்னு குத்திட்டாய்ங்க. மாமியா சொல்லிருக்கு, மாமன் பாட்டுல இருக்கான், ஆத்தா மாமன்கிட்ட இருக்கா, நேரம் யாருக்காகவும் நிக்காதுன்னு. மாமன் முறைக்கு ஆளு வேணும்ல. கம்பத்துக்காரன் ஒருத்தன் சமையலுக்குப் போயிருந்தான், பரமன்னு, எங்க தெருதான், ஊர் முறைக்கு அக்காவுக்கு அண்ணன் ஆகணும். சாம்பாரு கிண்டிக்கிட்டு இருந்தவனக் கூப்பிட்டுக் கையக் கழுவச் சொல்லி உக்கார வச்சிட்டாய்ங்க. அவன் மடியிலதான் மொட்டை. அவன் மடியிலதான் காது குத்து. மச்சான் ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டிருந்தாரு, பாத்தேன். அழுக்கு லுங்கி, தோள்ல துண்டு, என் மாப்ள அவன் வயித்துல சாஞ்சுக்கிட்டு அழுகுறான். பரமன் மேல எனக்குக் கோவமில்ல. அவன் என்ன செய்வான். ஆனா அதுக்கப்புறம் அவன் சமையல் இருக்குற விசேசத்துக்கு நான் போறதில்ல.

அழுகை கேட்டதும் அக்கா என் சட்டைய விட்டுட்டா. சட்டுன்னு விட்டுட்டா. திரும்பி ஓடல. நடந்துதான் போனா. மெதுவா. பய அழுத அந்தச் சத்தம் இன்னமும் என் காதுல இருக்குண்ணே. பாட்டு மட்டும் ஓடியிருந்தா அது கேட்டிருக்காது. அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடக்குறேன். கரண்டு மட்டும் இருந்திருந்தா.

அப்புறம் சார்ஜ் ஏறுச்சு. ஏறாம இருக்குமா. ஏறுனதும் விட்டனா நான், முழுச் சத்தத்துல வச்சுக்கிட்டு கோயில் வாசல்ல கொண்டு போய் நிறுத்துனேன். பந்தியில உக்காந்திருந்த சனமெல்லாம் எலையில வச்ச கைய எடுத்திட்டுப் பாத்துச்சு. மாமியா கூட வாயில வெத்தலையோட பாத்துக்கிட்டே இருந்துச்சு. அக்கா பயலத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டிகிட்ட வந்தா. காதுல மஞ்சத் தடவிருந்துச்சு பயலுக்கு, அழுது அழுது தூங்கிட்டான். அவ என்னப் பாத்து என்னமோ சொன்னா. பாட்டுல கேக்கல. வாய் அசைஞ்சது தெரிஞ்சுச்சு. கொஞ்சந்தான், ரெண்டு மூணு வார்த்தைதான் இருக்கும். பயல எங்கிட்ட நீட்டுற மாதிரிக் கூட இருந்துச்சு. நான் சவுண்டக் கொறைக்கலாம்னு கையக் கொண்டு போறதுக்குள்ள அவ திரும்பிட்டா.

என்ன சொல்லிருப்பான்னு நெனைக்கிறீங்க? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நல்லா இருக்குடான்னுதான் சொல்லிருப்பா. வேற என்ன சொல்லுவா.

அப்புறம் பேச்சு இல்ல. சண்டையும் இல்ல, பேச்சும் இல்ல. நான் போனு போடல, என்னத்தச் சொல்லிப் போடுறது. அவ போட்டா. மொத ஒரு மாசம் போட்டா. நான் எடுக்கலண்ணே. தோத்துப்போன ஆளு என்னன்னு எடுக்குறது. வேலை முடியட்டும், வண்டி சரியாகட்டும், எடுத்துக்கலாம்னு இருந்தேன். இப்பப் போடுறதில்ல. அதுக்கப்புறம் பரமன் வந்தான் ஒரு நாளு. அவன் அந்தப் பக்கம் சமையலுக்குப் போறவன்ல. ஒங்க அக்கா சொல்லிவிட்டுச்சு, தம்பிய ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுன்னு, புள்ள நடக்க ஆரம்பிச்சிட்டான்னான். நான் அவன் மூஞ்சியப் பாக்கல. போகச் சொன்னேன். எனக்குத் தெரியாதா. வெறுங்கையோடயா கூப்புடுவா எங்க அக்கா? அன்னிக்கு நடந்த அசிங்கத்த வண்டியோட வந்து தொடைச்சிட்டுப் போடான்னு அர்த்தம். வரும் பங்குனிக்கு அவுக கோயில் பொங்கல். அதுக்குப் போறேன். பெல்ட்டு ஓடுற சக்கரம், புல்லி, அதச் சின்னதா ஒண்ணு கடைஞ்சு இதுல மாட்டிட்டா, வண்டி ஊந்துக்கிட்டுப் போனாலும் இது வேகமாச் சுத்தும். நின்னாலும் பாடும், நடந்தாலும் பாடும். பாய்கூட, இதுக்கு மேல என்ன சுருளி வேணும் உனக்குன்னு கேட்டாரு. தோட்டத்துப் பொம்பளைக வேற ஜீப்புக்கு மாறிட்டாளுக, பொட்டியக் கழட்டலன்னு. மாறட்டும். வருவாளுக.

நான் ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. அக்கா முகத்த நான் பாத்து ரொம்ப நாளாச்சுண்ணே. ராத்திரி படுத்தா அவ என் மூஞ்சியத் தடவுனது மட்டும்தான் வருது. கிரீசு, கைய எடுன்னேன்ல. அது வருது. தூக்கம் போயிருது.

ஆண்டிபட்டி தாண்டிட்டமா? அப்பச் சரி. அடுத்த நிறுத்தம்தான் புளியடிப்பட்டி. நீங்க ஒரு ஒத்தாசை பண்ணணும். உங்க பக்கம்தான் வரும். நிறுத்தத்துக்கு எதுக்க ஊதாப் பூச்சு வீடு, முன்னாடி தகரம் போட்டிருக்கும். வாசல்ல பொம்பளை யாராச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இல்ல இல்ல, நான் எறங்கல. எறங்குன்னு சொல்லாதீங்கண்ணே. எறங்கி என்ன, இப்படியே போய் நிக்கவா, ஒரு சத்தமும் இல்லாம? பங்குனிக்கு வர்றேன். நான் குனிஞ்சுக்கிறேன், என்னயக் கொஞ்சம் மறைச்சுக்கங்க. அவளுக்குக் கண்ணு கூர்மை.

பஸ்ஸு நின்னுருச்சா. பாருங்க.

இருக்காளா? செவப்புச் சேலையா? உசரமா, ஒல்லியா? அவதான். அவதாண்ணே. புள்ள? கால்கிட்டயா? நிக்கிறானா, நல்லாவே நிக்கிறானா? சரி. சரி. என்ன செய்றா? புளி ஒடைக்கிறாளா? எந்திரிச்சிட்டாளா? பஸ்ஸப் பாத்தா? பரமன் சொன்னான், எந்தப் பஸ்ஸு வந்து நின்னாலும் எந்திரிச்சு வாசலுக்கு வந்துருமாம். யாரையாச்சும் எதிர்பாக்குறா போல. மச்சான் ஆண்டிபட்டிக்கு வேலைக்குப் போறாருல்ல, அவரா இருக்கும்.

எறங்குறவங்களப் பாக்குறாளா. ஒவ்வொருத்தராவா. கைய நெத்தியில வச்சுக்கிட்டா?

வெயிலுக்கு வச்சிருப்பாண்ணே. கண்ணு கூசுதுல்ல, அதுக்கு.

என்னது. வெயிலே இல்லையா?

கெளம்பிருச்சுல்ல பஸ்ஸு. இல்லண்ணே, இருக்கட்டும். நான் கொஞ்ச நேரம் இப்படிக் குனிஞ்சே இருந்துக்கிறேன்.